கீச்சானும் கொமோடோ உடும்பும்: இரு வேட்டைக்காரர்களின் வரவு செலவு

அறுவடை முடிந்த வயலோரத்தில், மின்கம்பியின்மேல், தனித்து அமர்ந்திருக்கும் ஒரு சிறு பறவையை இரயில் பயணங்களின்போது நம்மில் பலரும் கண்டிருப்போம். சாம்பல் நிறத் தலை. கண்களின் குறுக்கே மை தீட்டியதுபோல் ஒரு கறுப்புப் பட்டை. சற்றே நீண்ட வால். அது நெடுநேரம் அசையாமல் தரையையே நோக்கிக் கொண்டிருக்கும். திடீரெனக் கீழே பாய்ந்து ஒரு வெட்டுக்கிளியைக் கவ்விக்கொண்டு, முன்பிருந்த இடத்திற்கே வந்து அமரும். கரகரத்த குரலில் 'கீச் கீச்' என்று ஒலிப்பதால் நம் முன்னோர் அதற்குக் கீச்சான் என்று பெயரிட்டனர்.

இப்பறவையோடு ஒப்பிடுவதற்கு நாம் எடுத்துக்கொள்ளும் மற்றோர் உயிரினம், உலகின் மிகப் பெரிய பல்லியினமான கொமோடோ உடும்பு. மூன்று மீட்டர் நீளம் வரை வளரும் இவ்விலங்கின் எடை ஏறத்தாழ 70 கிலோ. கீச்சானின் எடையோ சுமார் 50 கிராம். ஒன்றைப்போல் மற்றொன்று 1,400 மடங்கு கனமானது. ஒன்று இறகுடையது, மற்றொன்று செதிலுடையது. ஒன்று பாடும் பறவைகளின் கூட்டத்தைச் சேர்ந்தது. மற்றொன்று மானையும் எருமையையும் வீழ்த்துவது.

இவ்வளவு வேறுபாடுகளுக்கிடையே இவற்றை ஏன் ஒப்பிட வேண்டும் என்ற கேள்வி எழலாம். வேட்டையாடி வாழும் உயிர்களுக்கு இன்றியமையாதது என்று நாம் கருதும் ஓர் ஆயுதம் இவ்விரண்டிடமும் குறைவாகவே உள்ளது. அக்குறையை இரண்டும் ஏறக்குறைய ஒரே வழியில் ஈடு செய்கின்றன. ஆனால், பெற்ற உணவைச் செலவிடுவதிலும் சேமிப்பதிலும் முற்றிலும் எதிரெதிரான வழிகளில் செல்கின்றன. வரவு, செலவு, இருப்பு ஆகியவற்றை நாள்தோறும் கருதும் நமக்கு, இவ்விரு கணக்குகளும் சுவையான பாடங்களாக அமையும்.

இருவரும் யார்?

கீச்சான்கள் 'லேனியஸ்' என்னும் பேரினத்தைச் சேர்ந்தவை. இலத்தீன் மொழியில் இச்சொல்லுக்குக் கசாப்புக்காரர் என்பது பொருள். 1758ஆம் ஆண்டில் உயிரினங்களுக்குப் பெயரிட்டு வகைப்படுத்திய சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ், இப்பறவையின் பழக்கத்தைக் கருதியே இப்பெயரைச் சூட்டினார். கொன்ற இரையை இறைச்சிக் கடையில் தொங்கவிடுவதுபோல் முள்ளில் குத்திவைப்பது இதன் வழக்கம். ஐரோப்பா, ஆசியா, ஆப்பிரிக்கா, வட அமெரிக்கா ஆகிய கண்டங்களில் முப்பதுக்கும் மேற்பட்ட கீச்சான் இனங்கள் வாழ்கின்றன. நம் நாட்டில் ஆண்டு முழுவதும் தங்கும் இனங்களும் உண்டு. வடகிழக்கு ஆசியாவிலிருந்து குளிர்காலத்தில் வலசை வரும் பழுப்புக் கீச்சானும் உண்டு. பிற பறவைகளின் குரலை அப்படியே ஒலித்துக் காட்டுவதிலும் கீச்சான்கள் தேர்ந்தவை.

கொமோடோ உடும்பின் வாழிடம் மிகக் குறுகியது. இந்தோனேசியாவின் கொமோடோ, ரிஞ்சா, ஃபுளோரஸ் ஆகிய தீவுகளிலும் அவற்றையடுத்த ஓரிரு சிறு தீவுகளிலும் மட்டுமே அது இயற்கையில் காணப்படுகின்றது. உள்ளூர் மக்களுக்கு அது தொன்றுதொட்டு அறிமுகமானது எனினும், அறிவியல் உலகம் அதனை அறிந்தது 1912ஆம் ஆண்டில்தான். சாவகத் தீவின் விலங்கியல் அருங்காட்சியகத்திற்குப் பொறுப்பாளராக இருந்த பீட்டர் ஓவன்ஸ் அதனை முதன்முதலில் விவரித்து எழுதினார். நம் நாட்டு உடும்பும் இதன் நெருங்கிய உறவினமே. இரண்டும் 'வரானஸ்' என்னும் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை.

ஒரு செய்தியை இங்கே குறிப்பிடுதல் பொருத்தமாகும். நம் வயல்வெளிகளில் காணும் நீண்டவால் கீச்சான், இந்தியாவோடு நின்றுவிடாமல் தென்கிழக்கு ஆசியா முழுவதும் பரவி, ஃபுளோரஸ் அடங்கிய சிறு சுந்தாத் தீவுகள் வரை வாழ்கின்றது. எனவே நாம் ஒப்பிடும் இவ்விருவரும் ஒரே தீவுக்கூட்டத்தின் வெயிலில் வாழும் அண்டை வீட்டார்தாம்.

உடும்புப் பிடியும் ஒரு குறையும்

பருந்து, கழுகு, வல்லூறு போன்ற வேட்டைப் பறவைகளின் வலிமை அவற்றின் கால்களில் உள்ளது. வளைந்த கூர்நகங்களால் அவை இரையை இறுகப் பற்றுகின்றன. சில பற்றியே கொல்கின்றன. கீச்சானுக்கு அத்தகைய கால்கள் இல்லை. கிளையில் அமர்வதற்கென அமைந்த மெல்லிய கால்களே அதற்கு வாய்த்துள்ளன. ஒரு சுண்டெலியைப் பிடித்தால், அதனைக் காலால் அழுத்திக்கொண்டு கிழித்துண்ணும் ஆற்றல் அதற்குப் போதாது.

கொமோடோ உடும்பின் குறை வேறு வகையானது. 'உடும்புப் பிடி' என்பது நம் மொழியில் விடாப்பிடிக்கு வழங்கும் உவமை. கோட்டைச் சுவரில் உடும்பைப் பற்றவைத்து, அதன் உடலில் கட்டிய கயிற்றைப் பிடித்து வீரர்கள் ஏறினர் என்னும் கதைகளும் உண்டு. அந்தப் பிடி நகங்களின் வலிமையைக் குறிப்பது. வாயால் கவ்வும் வலிமையை நோக்கினால், உலகின் மிகப் பெரிய உடும்பு வியப்பூட்டும் அளவுக்கு வலுக்குன்றியது. அதன் மண்டையோட்டை கணினியில் உருவாக்கி ஆராய்ந்து 2008ஆம் ஆண்டில் அறிஞர்கள் வெளியிட்ட முடிவின்படி, அதே அளவுள்ள முதலையின் கடியோடு ஒப்பிடுகையில் கொமோடோ உடும்பின் கடி மிகவும் மென்மையானது. அதன் மண்டையோடு கனமற்றது. மெல்லிய எலும்புச் சட்டங்களால் பின்னப்பட்டது. முதலையைப்போல் இரையைக் கவ்வி நசுக்க முயன்றால் அந்த எலும்புகளே தாங்கமாட்டா.

பற்றிப் பிடிக்கும் கால் இல்லாத பறவையும், நசுக்கிக் கொல்லும் தாடை இல்லாத உடும்பும் எவ்வாறு கொடிய வேட்டைக்காரர்களாக விளங்குகின்றன? இரண்டிலும் அதற்கு உதவுவது கழுத்து.

இரையின் எடையே ஆயுதம்

கீச்சானின் மேல் அலகு நுனியில் கொக்கிபோல் வளைந்திருக்கும். அவ்வளைவுக்குச் சற்றுப் பின்னே, அலகின் ஓரத்தில், பல்லைப் போன்ற ஒரு கூர்முனை உண்டு. வல்லூறுகளுக்கும் இத்தகைய அமைப்பு இருக்கின்றது. எலியைப் பிடித்ததும் கீச்சான் அதன் பிடரியைக் கவ்வி, இக்கூர்முனையைத் தண்டுவடத்தில் இறக்குகின்றது. ஆயினும் தன் எடைக்கு நிகரான எலிகளையும் அது எவ்வாறு வீழ்த்துகின்றது என்பது நெடுங்காலம் தெளிவாக விளங்கவில்லை.

இதற்கு விடை 2018ஆம் ஆண்டில் கிடைத்தது. கலிபோர்னியாக் கடற்கரைக்கு அப்பாலுள்ள சான் கிளமெண்டி தீவின் பறவை வளர்ப்புக் கூடத்தில், டியேகோ சுஸ்டைட்டா என்னும் அறிஞரும் அவருடைய குழுவினரும் கீச்சான்கள் எலிகளைக் கொல்வதை அதிவேகப் படக்கருவியால் பதிவு செய்தனர். பறவை தன் கழுத்தை நொடிக்கு 11 முறை என்ற வேகத்தில் சுழற்றி உலுக்குகின்றது. அப்போது எலியின் உடலின்மீது புவியீர்ப்பைப்போல் 6 மடங்கு வரையிலான முடுக்கம் விழுகின்றது. மெதுவாகச் செல்லும் ஒரு காரைப் பின்னால் வரும் கார் மோதும்போது உள்ளே இருப்பவரின் கழுத்து வெட்டி இழுக்கப்படுமே, அதற்கு ஒப்பானது இந்த முடுக்கம்.

இதில் நுட்பம் ஒன்று உண்டு. எலியின் பிடரி பறவையின் அலகில் இருக்கின்றது. அதன் உடலோ தொங்குகின்றது. பிடரி ஒரு பக்கம் திரும்பும்போது, கனமான உடல் தன் நிலையிலிருந்து உடனே நகர மறுத்துப் பின்தங்குகின்றது. அந்த இழுபறியில் கழுத்து எலும்பு நிலைகுலைகின்றது. எலி எவ்வளவுக்குக் கனமாக இருக்கின்றதோ அவ்வளவுக்கு அதன் கழுத்தின்மீது விழும் பாரமும் மிகும்.

கொமோடோ உடும்பு செய்வதும் ஏறத்தாழ இதுவே. ஆனால் எதிர்ப்புறமிருந்து செய்கின்றது. ஒரு மானையோ எருமையையோ அதனால் தூக்கி உலுக்க இயலாது. எனவே அது கடித்த உடனே, தலையைப் பக்கவாட்டில் வளைத்து, முழு உடல் வலிமையுடன் பின்னோக்கி இழுக்கின்றது. ஏறத்தாழ அறுபது பற்கள்; ஒவ்வொன்றும் பின்புறம் வளைந்து, அரம்போல் விளிம்பு கொண்டவை. இரையின் உடல் தன் கனத்தால் நின்ற இடத்திலேயே நிற்க, பற்கள் சதையை அறுத்துக்கொண்டு வெளியே வருகின்றன. அப்பற்களின் விளிம்பிலும் நுனியிலும் இரும்புச் சத்து மிகுந்த, செம்மஞ்சள் நிறமுள்ள மெல்லிய பூச்சு இருப்பதை 2024ஆம் ஆண்டில் ஆய்வாளர்கள் அறிவித்தனர். கூர்மை மழுங்காமல் காக்க இயற்கை அளித்த ஏற்பாடு அது எனக் கருதப்படுகின்றது.

ஆக, கீச்சானிடம் வேட்டையாடுபவர் அசைகிறார், இரை பின்தங்குகின்றது. உடும்பிடம் வேட்டையாடுபவர் பின்வாங்குகிறார், இரை நிலைத்து நிற்கின்றது. இரு நிகழ்வுகளிலும் இரையின் எடையே இரைக்கு எதிரான ஆயுதமாக மாறுகின்றது.

உடும்பைப் பற்றிய ஒரு பழைய நம்பிக்கையையும் இங்கே தெளிவுபடுத்த வேண்டும். அதன் வாயில் அழுகிய இறைச்சியால் பெருகிய கொடிய கிருமிகள் இருப்பதாகவும், கடிபட்ட விலங்கு அக்கிருமிகளால் சில நாள்களில் இறப்பதாகவும் பல நூல்கள் கூறிவந்தன. 2009ஆம் ஆண்டில் பிரையன் ஃபிரை என்பவரின் தலைமையிலான குழு, உடும்பின் கீழ்த்தாடையில் நச்சுச் சுரப்பிகள் இருப்பதை வெளியிட்டது. அந்நஞ்சு இரத்தம் உறைவதைத் தடுப்பதோடு இரத்த அழுத்தத்தையும் தாழ்த்தும். வேட்டையில் நஞ்சின் பங்கு எவ்வளவு, வெட்டுக்காயத்தின் பங்கு எவ்வளவு என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உள்ளது. எனினும் கிருமிக் கதை இன்று செல்வாக்கு இழந்துவிட்டது. தப்பியோடும் எருமைகள் தேங்கிய அழுக்கு நீரில் இறங்கி நிற்பதால் புண் சீழ்ப்பிடிப்பதே அக்கதைக்கு மூலமாக இருக்கலாம் என்பது ஃபிரையின் கருத்து.

அன்றாடச் செலவும் ஆண்டுச் செலவும்

கொல்லும் முறையில் ஒன்றுபடும் இவ்விருவரும் உண்ணும் முறையில் பிரிகின்றனர். காரணம் உடலின் வெப்பம்.

பறவைகள் வெப்ப இரத்த விலங்குகள். வெளியே குளிரோ மழையோ எதுவாயினும், கீச்சான் தன் உடலை ஏறத்தாழ 40 பாகை செல்சியசுக்கு மேல் வைத்திருக்க வேண்டும். அந்த வெப்பத்தை அது உணவிலிருந்தே பெறுகின்றது. சிறிய உடலுக்கு, அதன் பருமனோடு ஒப்பிடுகையில், மேற்பரப்பு மிகுதி. ஆகவே வெப்பம் விரைந்து வெளியேறும். இரவு முழுவதும் எரிந்த எரிபொருளை மறுநாள் காலையே ஈடு செய்தாக வேண்டும். ஓரிரு நாள் வேட்டை பொய்த்தாலும் உயிருக்கே இடர் நேரும். நாள்தோறும் கூலி பெற்று நாள்தோறும் செலவிடும் குடும்பத்தைப் போன்றது அதன் நிலை.

உடும்பு தன் வெப்பத்தைக் கதிரவனிடமிருந்து பெறுகின்றது. காலையில் வெயில் காய்ந்து உடலை ஏறத்தாழ 35 பாகைக்குக் கொணர்கின்றது. வெப்பம் மிகும்போது நிழலிலோ வளையிலோ ஒதுங்குகின்றது. இதற்காக உணவை எரிக்க வேண்டியதில்லை. ஒரே எடையுள்ள பாலூட்டியோ பறவையோ ஓய்வு நிலையில் செலவிடும் ஆற்றலில் பத்தில் ஒரு பங்கு அளவே ஒரு பல்லியினத்திற்குப் போதுமானது. எனவே பெரிய கொமோடோ உடும்பு ஒன்று ஆண்டுக்கு ஒரு டஜன் பெரும் உணவுகளோடு வாழ்ந்துவிட முடியும் எனக் கணிக்கப்பட்டுள்ளது.

இவ்வேறுபாட்டை ஒரு குறையாகவோ நிறைவாகவோ கொள்ள வேண்டாம். கீச்சான் மிகுதியாகச் செலவிடுகின்றது என்றால், அதற்கான பயனையும் பெறுகின்றது. உடும்பு வெயிலுக்காகக் காத்திருக்கும் குளிர்ந்த விடியற்காலையில் அது வேட்டையைத் தொடங்கிவிடும். பனி பொழியும் வடநாடுகளிலும் அதன் உறவினங்கள் குளிர்காலத்தைக் கழிக்கின்றன. உடும்போ வெப்பமண்டலத்தை விட்டு அகல இயலாது. செலவைக் குறைத்தவர், செல்லக்கூடிய இடங்களையும் குறைத்துக்கொண்டார்.

உடலுக்கு வெளியே சேமிப்பு, உடலுக்குள் சேமிப்பு

நாள்தோறும் செலவு மிகுந்த கீச்சானுக்குச் சேமிப்பு இன்றியமையாதது. அதனால் மிகையான கொழுப்பை உடலில் சுமக்க இயலாது. எடை கூடினால் பறப்பது அரிதாகும். எனவே அது உடலுக்கு வெளியே சேமிக்கின்றது. கொன்ற வெட்டுக்கிளி, ஓணான், சுண்டெலி முதலியவற்றைக் கருவேல முள்ளிலோ இலந்தை முள்ளிலோ முள்வேலிக் கம்பியிலோ குத்திவைக்கின்றது. முள் கிடைக்காவிடில் கிளைக்கவட்டில் செருகுகின்றது. இதனால் இரு பயன்கள் விளைகின்றன. காலால் பற்ற இயலாத இரையை முள் பிடித்துக்கொள்வதால், அலகால் கிழித்து உண்ண எளிதாகின்றது. மீதமுள்ளது பிற்பாட்டுக்கு இருப்பாகின்றது. இளம் பறவைகள் இக்கலையைப் பழகிக் கற்கின்றன. தொடக்கத்தில் இலைகளையும் சிறு குச்சிகளையும் கிளையில் தேய்த்துச் செருக முயல்வதை ஆய்வாளர்கள் கண்டுள்ளனர்.

இச்சேமிப்புக்கு ஒரு சமூக மதிப்பும் உண்டு. இஸ்ரேலின் நெகவ் பாலைநிலத்தில் ரூவன் யோசெஃப், பெரி பின்ஷோ ஆகிய இருவர் சாம்பல் கீச்சான்களை ஆராய்ந்து 1989ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டனர். சில ஆண் பறவைகளின் முள்ளிருப்பை அவர்கள் அகற்றினர். வேறு சிலவற்றின் இருப்பில் கூடுதலாக உணவைச் சேர்த்தனர். இருப்பு பெருகிய ஆண் பறவைகள் விரைவில் துணையை அடைந்து மிகுந்த குஞ்சுகளை வளர்த்தன. இருப்பு பறிபோனவை துணையின்றி நின்றன. பெண் பறவை முள்வேலியை ஒரு கணக்குப் புத்தகம்போல் படிக்கின்றது எனலாம்.

காலத்தின் பயனை அறிந்து காத்திருக்கும் பொறுமையும் இப்பறவைக்கு உண்டு. அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் நச்சு மிகுந்த ஒருவகைப் பெரிய வெட்டுக்கிளி வாழ்கின்றது. பிற பறவைகள் அதனைத் தொடுவதில்லை. அங்குள்ள கீச்சான் அதனைக் கொன்று முள்ளில் குத்திவைத்துவிட்டு ஓரிரு நாள் காத்திருக்கின்றது. வெயிலில் நஞ்சு சிதைந்த பின்னரே உண்கின்றது. இன்று தீங்கானது, பொறுத்திருந்தால் நாளை உணவாகின்றது.

கொமோடோ உடும்புக்கு இத்தகைய பண்டகசாலை எதுவும் இல்லை. அதன் வயிறே அதன் பெட்டகம். ஒரே வேளையில் தன் எடையில் 80 சதவீதம் வரை அதனால் உண்ண முடியும். விரிந்து கொடுக்கும் வயிறும், நெகிழ்ந்து அகலும் தாடையும் அதற்குத் துணை புரிகின்றன. சிறிய விலங்குகளை முழுமையாகவே விழுங்கிவிடும். அப்போது மூச்சடைக்காமல் இருக்க, நாவின் அடியில் மூச்சுக்குழாயின் வாய் முன்னோக்கி அமைந்துள்ளது. உண்டு முடித்ததும் வெயிலில் கிடக்கின்றது. வெப்பம் குறைந்தால் செரிமானம் தடைப்பட்டு உணவு வயிற்றிலேயே அழுகிவிடக்கூடும். இவ்வாறு பெற்ற ஆற்றலை வாரக்கணக்கில் சிறுகச் சிறுகச் செலவிடுகின்றது. கொம்பு, முடி, பல் போன்ற செரிக்காத பகுதிகளைப் பின்னர் உருண்டையாகக் கக்கிவிடும். இடர் நேரும்போது, விரைந்தோட வசதியாக, உண்டதையே கக்கிவிட்டு ஓடுவதும் உண்டு.

இரு சேமிப்பு முறைகளுக்கும் தத்தம் இடர்கள் உள்ளன. முள்ளில் குத்தியதைக் காக்கையும் எறும்பும் கவர்ந்து செல்லலாம். வயிற்றில் வைத்ததை எவரும் திருட இயலாது. ஆனால் அதைச் சுமந்திருக்கும் நாள்களில் உடும்பு மந்தமாகின்றது.

ஒரே உணவை உண்ட காலம்

இவ்விருவரின் வாழ்வும் மிகவும் நெருங்கிவரும் பருவம் ஒன்று உண்டு. முட்டையிலிருந்து வெளிவரும் கொமோடோ உடும்புக் குஞ்சு ஏறத்தாழ 40 சென்டிமீட்டர் நீளமே இருக்கும். எடை நூறு கிராம் அளவு. அதாவது இரண்டு கீச்சான்களின் எடை. அது முதலில் செய்யும் செயல் மரத்தில் ஏறுவது. காரணம், முதிர்ந்த உடும்புகள் தம் இனத்துக் குஞ்சுகளையும் உண்ணத் தயங்குவதில்லை. அவற்றின் கனத்த உடலால் மரம் ஏறுவது அரிது. கிளைகளில் வாழும் அந்த ஆண்டுகளில் குஞ்சு உண்பது வெட்டுக்கிளி, வண்டு, சிறு பல்லி முதலியவை. கீச்சானின் உணவும் ஏறத்தாழ அதுவே.

பின்னர் இருவரின் வழிகளும் பிரிகின்றன. கீச்சான் பதினைந்து பதினாறு நாள் அடைகாத்து, அடுத்த ஆண்டே தன் குஞ்சுகளும் இனம்பெருக்கும் அளவுக்கு விரைகின்றது. கொமோடோ உடும்பின் முட்டைகள் பொரிக்க ஏழெட்டு மாதங்கள் ஆகும். குஞ்சு முதிர்ச்சியடைய எட்டொன்பது ஆண்டுகள் ஆகும். அதன் ஆயுள் முப்பது ஆண்டுகள் வரை நீளலாம். ஒன்று குறுகிய காலத்தில் பலன் தரும் கணக்கு. மற்றொன்று நீண்டகாலத்தில் முதிர்வது. இடையில் ஒரு தலைமுறை அழிந்தால் கீச்சான் சில ஆண்டுகளில் மீளக்கூடும்; உடும்பு மீள்வதற்குப் பல பத்தாண்டுகள் வேண்டும்.

கணக்கு முடங்கும்போது

எவ்வளவு திறமையாகக் கணக்கை நடத்தினாலும், கணக்கு வைத்திருக்கும் இடமே இல்லாமற் போனால் என்ன நேரும் என்பதற்கு இவ்விருவரின் வரலாறும் சான்று.

கீச்சானின் விரைவான இனப்பெருக்கமும் சான் கிளமெண்டி தீவில் அதனைக் காக்கவில்லை. மனிதர் கொண்டு சென்ற ஆடுகள் பெருகி, தீவின் புதர்களையும் செடிகளையும் மேய்ந்து தீர்த்தன. கீச்சானுக்குக் கூடு கட்டப் புதர் இல்லை. இரையைக் குத்தி வைக்க முள் இல்லை. பூனைகளும் எலிகளும் கூடுகளைச் சூறையாடின. 1998ஆம் ஆண்டில் அத்தீவுக்கே உரிய கீச்சான்களில் இயற்கையில் எஞ்சியவை 14 மட்டுமே. ஆடுகள் அகற்றப்பட்டு, புதர்கள் மீண்டும் வளர்க்கப்பட்டு, கூண்டில் வளர்த்த பறவைகள் விடுவிக்கப்பட்ட பின்னர் அவற்றின் எண்ணிக்கை நூற்றைக் கடந்தது. நாம் முன்பு கண்ட அதிவேகப் படப்பதிவு நிகழ்ந்ததும் அந்த மீட்புப் பணிக்கான வளர்ப்புக் கூடத்திலேதான்.

கொமோடோ உடும்பின் சிக்கனமும் அதற்கு முழுக் காப்பாக அமையவில்லை. பாடார் என்னும் சிறு தீவில் மனிதர் மான்களை வேட்டையாடித் தீர்த்ததால், அங்கிருந்த உடும்புகள் 1970களில் மறைந்தன. ஆண்டுக்குப் பன்னிரண்டு உணவு போதும் என்றாலும், அந்தப் பன்னிரண்டாவது கிடைக்க வேண்டுமல்லவா? 1980ஆம் ஆண்டில் கொமோடோ தேசியப் பூங்கா அமைக்கப்பட்டது. 1991ஆம் ஆண்டில் அது யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னமாயிற்று. ஆயினும் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 2021ஆம் ஆண்டில் இவ்வுடும்பை 'அருகிவரும் இனம்' என்னும் நிலைக்கு மாற்றியது. கடல்மட்டம் உயர்வதால் அடுத்த 45 ஆண்டுகளில் அதற்கு ஏற்ற வாழிடத்தில் குறைந்தது 30 சதவீதம் சுருங்கும் என்பது அவ்வொன்றியத்தின் மதிப்பீடு. தீவில் வாழும் விலங்குக்கு ஒதுங்கிச் செல்ல வேறு நிலம் இல்லை.

நம் நாட்டிலும் இதனை ஒத்த நிலை உண்டு. நம் உடும்புக்கு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இடம் தரப்பட்டுள்ளது. அதனைப் பிடிப்பதும் விற்பதும் குற்றமாகும். ஆனால் கீச்சானும் உடும்பும் வாழும் முட்புதர் நிலங்கள் பெரும்பாலும் 'தரிசு' என்ற தலைப்பின்கீழேயே கணக்கிடப்படுகின்றன. பயிர் இல்லை, கட்டடம் இல்லை. ஆகவே மதிப்பும் இல்லை என்று நாம் எண்ணிவிடுகின்றோம். அந்தக் கருவேலும் இலந்தையும் சூரையும் கீச்சானின் பெட்டகம் என்பதும், அதன் அடியிலுள்ள வளை உடும்பின் இல்லம் என்பதும் எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை. வெட்டுக்கிளியையும் சுண்டெலியையும் தின்று பக்கத்து வயலுக்கு இப்பறவை செய்யும் உதவிக்கும் எவரும் விலை குறித்ததில்லை.

அடுத்த முறை இரயில் சன்னல் வழியாகவோ ஊர்ப்புறச் சாலையிலோ கம்பியின்மேல் தனித்து அமர்ந்திருக்கும் கறுப்புப் பட்டைப் பறவையைக் கண்டால், அருகிலுள்ள முட்செடியையும் சற்று நோக்குங்கள். நற்பேறு இருந்தால், முள்ளின் நுனியில் ஒரு வெட்டுக்கிளி தொங்குவதைக் காண்பீர்கள். நாளைய பசிக்கென்று இன்றே எடுத்து வைக்கப்பட்ட இருப்பு அது. வயலோரத்தையும் தோட்டத்து வேலியையும் தூய்மை செய்யும்போது அந்த ஒரு முட்புதரை மட்டும் விட்டுவைத்தால், அந்தக் கணக்கு தொடர்ந்து நடைபெறும்.